பீச்சுப் பழத்தை உறையவைத்துக் காத்தல்

வடநாட்டில் சித்திரையின் பிற்பகுதியிலிருந்து ஆடித் தொடக்கம் வரை கடைகளில் தோன்றி மறையும் கனி ஒன்று உண்டு. இந்தியில் அதற்கு ‘ஆடூ’ என்று பெயர். தென்னாட்டிலிருந்து தில்லிக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர், தள்ளுவண்டிக்காரர் அப்பெயரைக் கூவிக்கொண்டு தெருவில் வருவதைக் கேட்டு, ஆட்டையா வண்டியில் வைத்து விற்கிறார் என்று ஒரு கணம் திகைப்பதுண்டு. நாம் அதனைப் பீச்சுப் பழம் என்கிறோம். உதகை, குன்னூர், கொடைக்கானல் பகுதிகளிலும் அது விளைகின்றமையால், தமிழ் நேயர்களுக்கு முற்றிலும் அயலான கனி அன்று.

தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் ‘பெர்சிகா’ என்பது. பாரசீகத்திலிருந்து வந்தது என்று மேலைநாட்டார் எண்ணியதன் விளைவு அது. உண்மையில் அதன் தாயகம் சீனம். ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு யாத்திரை வந்த யுவான் சுவாங், கனிஷ்க மன்னன் காலத்தில் பிணையாக வந்து தங்கிய சீனர்களே பீச்சையும் பேரியையும் பஞ்சாபுப் பகுதிக்குக் கொணர்ந்தனர் என்று எழுதியிருக்கிறார். பீச்சுக்குச் ‘சீனானி’ என்றும், பேரிக்குச் ‘சீன ராஜபுத்திரன்’ என்றும் அக்காலத்தார் பெயரிட்டனராம். சொற்களோடு நாள் முழுவதும் மல்லாடும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, சிறைவைத்தவர் நாட்டிற்குப் பிணையாளர் விட்டுச்சென்ற இந்த இரண்டு பெயர்களும் மிகவும் பிடித்தவை.

இனி இன்றைய செய்திக்கு வருவோம். பஞ்சாபுச் சமவெளியில் விளையும் ‘ஷான்-ஏ-பஞ்சாப்’ போன்ற இனங்கள் மே மாதத் தொடக்கத்தில் பழுக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கட், உத்தராகண்டில் நைனிதால் மாவட்டத்து ராம்கட் ஆகிய மலைப்பகுதிகளின் பழங்கள் ஜூன், ஜூலை மாதங்களில் இறங்கி வருகின்றன. மலைப்பழமே சுவையில் உயர்ந்தது என்பது என் கருத்து. ஆனால் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மே நடுவில் பள்ளிக்கூடங்கள் மூடிய மறுநாளே தாயும் குழந்தைகளும் தெற்கே பயணமாகிவிடுவர். அலுவலகத்திலிருந்து விடுப்புக் கிடைக்காத குடும்பத் தலைவன் மட்டும் வெயிலோடு வீட்டில் தங்குவான். நல்ல பழம் வரும் நாளில் உண்ணுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அவர்கள் திரும்பி வந்து சில நாட்களுக்குள் பருவமே முடிந்துவிடும். மாம்பழத்தைப் போலப் பலவகையாக நீடித்து வரும் கனியும் அன்று இது. கனிந்த பீச்சு அறையின் வெம்மையில் இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிது.

உப்பிலும் எண்ணெயிலும் வெயிலிலும் பண்டங்களைக் காக்கும் கலையில் நம் பாட்டிமார் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். மாவடுவும் நார்த்தங்காயும் அதற்குச் சாட்சி. எனினும் அம்முறைகள் பொருளை வேறொன்றாக மாற்றிக் காக்கின்றன. மாவடு மாவடுவாகத்தான் இனிக்குமேயன்றி மாங்காயாக அன்று. பழத்தின் மணத்தையும் நிறத்தையும் ஏறத்தாழ அப்படியே காக்கவேண்டுமாயின், வீட்டில் செய்யக்கூடியது உறையவைத்தல் ஒன்றே. கனடாவின் லாப்ரடார் பகுதியில் 1912 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்த கிளாரென்ஸ் பர்ட்ஸை என்னும் அமெரிக்கர், கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன், பல வாரம் கழித்துச் சமைத்தபோதும் புதிதுபோல் இருந்ததைக் கண்டார். விரைந்து உறைந்தால் சுவை கெடாது என்பது அவர் அங்கே கற்ற பாடம். 1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் அவருடைய முறையில் உறைந்த உணவு முதன்முதலாகக் கடைகளுக்கு வந்தது.

விரைவு ஏன் வேண்டும்? பீச்சுப் பழத்தின் எடையில் நூற்றுக்கு 88 பங்குக்கு மேல் நீர். அந்நீர் மெல்ல மெல்ல உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகிப் பழத்தின் நுண்ணறைச் சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது சாறு தனியே, சக்கை தனியே ஆகும். விரைந்து உறைந்தால் படிகங்கள் சிறியனவாக இருக்கும். சுவர்கள் பெரிதும் தப்பும். வீட்டுப் பெட்டியில் ஆலையின் வேகம் வராது. ஆயினும் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரே நாளில் பெட்டியை நிரப்பாதிருத்தல். 50 லிட்டர் கொள்ளளவுள்ள உறைபெட்டியில் ஒரு நாளைக்கு 2 கிலோவுக்கு மேல் புதிதாக வைத்தல் ஆகாது.

பெட்டியைப் பற்றி இன்னொரு சொல். ஒற்றைக் கதவுள்ள பெட்டியின் உச்சியில் பனிக்கட்டிக்கென இருக்கும் சிறு அறை, எல்லா வீடுகளிலும் இவ்வேலைக்குத் தகுதியுடையதன்று. வேண்டிய குளிர், பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி. சில பெட்டிகளின் உறையறைக் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் பூஜ்யத்திற்குக் கீழே 6 டிகிரி, இரண்டு என்றால் 12, மூன்று என்றால் 18. மின்சாரச் சிக்கனத்தைக் காட்ட வெளிக்கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் வேறு. ஐந்து நட்சத்திரப் பெட்டி வாங்கினேன் என்று பெருமிதம் கொள்பவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. குறி ஏதும் இல்லையேல், ஐஸ்கிரீமை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கரண்டி இறங்காதபடி கல்லாக இருந்தால் குளிர் போதும். குழைந்திருந்தால், அப்பெட்டியில் பழத்தை ஒரு சில வாரங்களுக்குமேல் காக்க முயல வேண்டா.

பழத்தைத் தேர்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கொட்டையோடு சதை ஒட்டிக்கொள்ளும் இனம், எளிதில் பிரியும் இனம் என இருவகை உண்டு. பருவத் தொடக்கத்தில் வருபவை பொதுவாக ஒட்டும் இனத்தவை. மலைகளில் விளையும் ‘எல்பர்ட்டா’ இனம் பிரியும் வகையைச் சேர்ந்தது. உறையவைக்க அதுவே உகந்தது. செம்மை படர்ந்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அது வெயில் பட்ட பக்கம், அவ்வளவே. செம்மைக்கு அடியிலுள்ள தளநிறம் பச்சை நீங்கி மஞ்சளாகியிருக்கிறதா என்று நோக்குங்கள். காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் மணம் வரவேண்டும். சற்றுக் காயாக இருப்பின் தாளில் பரப்பி அறையிலேயே இரண்டு நாள் வையுங்கள். கனியாத பீச்சைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் அடுக்குவது, பலர் அறியாமல் செய்யும் கேடு. அந்த இளங்குளிரில் அதன் சதை சாறற்று மாவு மாவாகிவிடும். பின்னர் வெளியே எடுத்தாலும் தேறாது.

தோலை நீக்க, பழத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இட்டு, உடனே பனிக்கட்டி நீரில் போடவேண்டும். தோல் விரலோடு வந்துவிடும். இரும்புக் கத்தியும் செம்புப் பாத்திரமும் ஆகா; அவை பட்டால் பழம் விரைவில் கறுக்கும். எவர்சில்வரே போதும். ஒரே முறையில் பத்துப் பழங்களை உரித்துவைத்துக்கொண்டு பிறகு நறுக்குவோம் என்று இருத்தலும் கூடாது. அறுத்த பீச்சு, அறுத்த வாழைக்காயைப் போலவே காற்றுப் பட்டவுடன் பழுப்பேறும். சதையிலுள்ள ஒரு நொதியும் காற்றிலுள்ள பிராணவாயுவும் செய்யும் வேலை அது. குளிர் அந்த நொதியை மந்தப்படுத்துமேயன்றி அழிப்பதில்லை. ஆகவே முதலிலேயே தடுத்தல் வேண்டும்.

தடுக்கவல்லது வைட்டமின் ‘சி’ எனப்படும் அஸ்கார்பிக் அமிலம். தூளாகக் கிடைத்தால் நன்று. நிறமும் மணமும் சேராத வெள்ளை மாத்திரையைப் பொடித்தும் கொள்ளலாம். உரித்து நறுக்கிய பழம் ஒரு கிலோவிற்கு, 1¼ கிராம் அமிலத்தைச் சிறிதளவு நீரில் கரைத்துத் தெளித்து, 220 கிராம் சர்க்கரையைத் தூவி மெல்லப் புரட்டுங்கள். பதினைந்து நிமிடத்தில் சாறு ஊறிச் சர்க்கரை கரையும். எலுமிச்சைச் சாறும் ஓரளவு பயன்படும். ஆனால் தன் புளிப்பைப் பழத்தின்மீது ஏற்றிவிடும்.

மேலும் சிறப்பாக வேண்டுவோர் பாகில் இடலாம். ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 670 கிராம் சர்க்கரை. இது நூற்றுக்கு 40 பங்குப் பாகு. கம்பிப்பதமெல்லாம் வேண்டா, கரைந்தால் போதும். நன்றாக ஆறவைத்து, குளிரவைத்து, ஒன்றரை கிராம் அமிலம் சேர்த்து, துண்டுகள் மூழ்கும்வரை ஊற்றவேண்டும். மேலே மிதப்பவை கறுக்காதிருக்க, கசக்கிய மெழுகுத் தாளை அவற்றின்மீது வைத்து மூடுவது நல்ல உபாயம். நீரிழிவு உள்ளவர் வீட்டில் சர்க்கரை இன்றி, லிட்டருக்கு 3 கிராம் அமிலம் கலந்த குளிர்ந்த நீரிலேயே இடலாம். நிறமும் சதையின் உறுதியும் சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களும் உண்ண முடிகிறதே என்பதே போதாதா?

நீர் உறையும்போது பருமனில் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். ஆதலால் பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்பாமல் விரற்கடை இடம் விடவேண்டும். மளிகைக் கடை தரும் மெல்லிய பாலிதீன் உறை பயன்படாது. காற்றும் வாசனையும் அதனூடே புகும். நம்மவர் வீட்டுக் குளிர்பெட்டியில் மல்லிகைச் சரமும் பெருங்காயம் போட்ட சாம்பாரும் அண்டை அயலாராக வாழ்வது வழக்கம். பீச்சு அவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. கெட்டியான உறையில் காற்றை வெளியேற்றி இறுக மூடித் தேதி எழுதுங்கள். ஒரு வேளைக்கு வேண்டிய அளவே ஓர் உறையில் இருக்கட்டும். இங்ஙனம் வைத்தது எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை சுவை குன்றாது.

தில்லியின் கோடையில் மின்சாரம் நின்றுபோவது புதுமையன்று. நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறவாதிருந்தால் இரண்டு நாள் வரை குளிரைக் காக்கும்; பாதி நிறைந்தது ஒரு நாள். உறையவைத்தலால் நுண்கிருமிகள் சாவதில்லை, உறங்குகின்றன. உருகினால் விழித்துக்கொள்ளும். ஊருக்குச் செல்வோர் ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன்மீது ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லலாம். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நாளில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்தது என்று பொருள். அத்தகைய பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் துணிய வேண்டா. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணத்திற்கும் இடம் தரலாகாது.

உண்ணும் முறையையும் கூறிவிடுகிறேன். உறையைத் திறவாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அரைக் கிலோ உருகுவதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். முழுவதும் உருகவிடாமல், நடுவே சிறிது பனி நிற்கும்போதே பரிமாறவேண்டும். அப்போதுதான் பல்லில் கடிபடும். முழுவதும் உருகியது துவளும். அதனைப் பாலோடு அடித்துக் குடிக்கலாம், வெல்லமும் மிளகாயும் சேர்த்து மாங்காய்ப் பச்சடி போலக் கிளறலாம். மார்கழிக் குளிரில் தில்லியில் இதனைப் பச்சையாக உண்ண யாருக்கும் மனம் வராது. அந்நாட்களில் பச்சடியே சிறந்தது. உறையிலிருந்து எடுத்த துண்டுகளை உருக்காமல் நேரே வாணலியில் இடலாம்.