நூரளைக் குளக்கரையில் ஒரு நாள்

(பண்டாரவளைப் பகுதித் தோட்டமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

போன கிழமை பெரட்டுக்களத்தில் சில பேர் என்னிடம் கேட்டாங்க, "ஐயா, எங்களை ஒரு தடவை நூரளைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?" என்று. போகலாம். ஆனால் அதுக்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் குற்றவாளி நான்தான்.

சில வருசத்துக்கு முன்பு வேறொரு தோட்டத்தில் வேலை செய்தபோது இதே மாதிரி ஒரு பயணம் ஒழுங்கு செய்தேன். சித்திரை வருசப் பிறப்பு முடிந்த கையோடு, இரண்டே கிழமையில் முடிவு செய்து புறப்பட்டோம். கையில் காசு இல்லாதவர்கள் தோட்டை அடகு வைத்தார்கள். சிலர் வட்டிக்கு வாங்கினார்கள். ஏப்ரல் என்றால் நூரளையில் சீசன். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி என்று நாடு முழுக்க அங்கேதான் நிற்கும். ரோட்டில் பாதி நாள் போனது. ஆம்பிளைகள் சிலர் போத்தலோடு ஒதுங்கிவிட்டார்கள். பொம்பிளைகள் அடுப்பு மூட்ட இடம் தேடி அலைந்தார்கள். பின்னேரம் மழையும் பனிமூட்டமும் வந்து, திரும்பிவிட்டோம்.

நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு பாட்டியும் எங்களோடு வந்திருந்தார். முழங்கால் வலி. வேனை நிறுத்திய இடம் தூரம். அவர் நாள் முழுக்க வேனுக்குள்ளேயே இருந்துவிட்டார். மறுநாள் என்னைப் பார்த்து, "ஐயா, அந்தக் கொளம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடகு வைத்த தோடுகள் மீண்டு வர ஒரு வருசம் பிடித்தது. ஒரு சோடி மீளவேயில்லை.

ஆகவே இந்த முறை ஒழுங்காகத் திட்டம் போடுவோம்.

முதலில் அந்தக் குளத்தைப் பற்றி. அது இயற்கையாக வந்த குளம் அல்ல. 1873ஆம் ஆண்டில் வில்லியம் கிரகரி என்ற ஆளுநர் காலத்தில் ஓடையை மறித்து அணை கட்டிச் செய்தது. அதனால்தான் கிரகரி வாவி என்று பேர். பிறகு அதன் தண்ணீரைக் கொண்டு மின்சாரமும் எடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் களைப்பாற வந்த ஊர் அது. அவர்களுக்கு ஹில் கிளப் 1876இலேயே வந்துவிட்டது. நம்ம பாட்டன் பாட்டிக்குக் களைப்பாற ஓர் இடம் யார் கொடுத்தார்கள்? ஓய்வு என்பது சோம்பேறித்தனம் இல்லை. கூடை சுமக்கிற முதுகுக்கு அது மருந்து. வருசத்தில் ஒரு நாள் நாமும் அந்தக் கரையில் உட்காரலாம், அதில் தப்பேதும் இல்லை.

இரண்டாவது, எந்த நாள்? ஏப்ரல் வேண்டாம். மார்ச் முதல் பாதியில் மழை பெரும்பாலும் குறைவு, கூட்டமும் குறைவு, வேன் கூலியும் சீசன் விலைக்கு ஏறாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் யாருக்கும் பேர் போகாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கெடாது. இரவு தங்க வேண்டாம். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டு, இருட்டும் முன் திரும்பிவிடுவோம்.

மூன்றாவது, காசு. இருபது குடும்பம் சேர்ந்து சீட்டு மாதிரிப் போடுவோம். யூலை தொடங்கி பெப்ரவரி வரை எட்டுச் சம்பளம். சம்பளத்துக்கு 500 ரூபாய் என்றால் ஒரு குடும்பத்துக்கு 4,000, மொத்தம் 80,000. மாதர் சங்கத்தின் பேரில் வங்கிப் புத்தகத்தில் போட்டு, மாதாமாதம் கணக்கைப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்ட வேண்டும். வேன் கூலி, நுழைவுச் சீட்டு, படகுக் கூலி எல்லாவற்றையும் பெப்ரவரியில் ஒருவர் விசாரித்து எழுதி வரட்டும். காசு காணாவிட்டால் ஒரு செலவைக் குறைப்போம், படகு வேண்டாம் என்போம். தோடு மட்டும் காதிலேயே இருக்கட்டும்.

நான்காவது, வழி. நமக்கு வெலிமடை வழிதான் கிட்ட, ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வளைவு அதிகம், வாந்தி வரும் பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள். ரயிலில் அப்புத்தளை, பட்டிப்பொல வழியாக நானுஓயாவில் இறங்கிப் பஸ் எடுப்பதும் நல்ல பயணம்தான். பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரமான ஸ்டேசன். ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையையும் ரோடுகளையும் எவ்வளவு உடைத்தது என்று உங்களுக்கே தெரியும். எனவே முதல் கிழமையே ஸ்டேசனிலும் பஸ் டிப்போவிலும் கேட்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால், எவ்வளவு காசு சேர்ந்திருந்தாலும் போக மாட்டோம். மலை எங்கேயும் ஓடாது, அடுத்த மாதம் போகலாம்.

வெலிமடை வழியில் இன்னொரு நன்மை. பார்க்க வேண்டியதெல்லாம் வரிசையாக வரும். முதலில் ஹக்கலைப் பூங்கா. 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். அந்த மரப்பட்டையில்தான் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுத்தார்கள். அடுத்தது சீத்தாஎலியவில் ரோட்டோரமாகவே இருக்கிற சீதை அம்மன் கோயில். 2024 மே மாதம் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அதைத் தாண்டி டவுணுக்கு முன்னாலேயே குளம் வந்துவிடும். நாலு இடத்துக்கு ஓட வேண்டாம். இந்த மூன்றே போதும், மத்தியானத்துக்கு மேல் முழுக்கக் குளக்கரைதான்.

ஐந்தாவது, சாப்பாடு. ரொட்டியும் சம்பலும் வீட்டிலேயே செய்து கட்டிக்கொண்டு போவோம். அங்கே போய் அடுப்பு மூட்டுவது கிடையாது. முதல் நாள் ராத்திரி ரொட்டி சுடுவது ஆம்பிளைகள் வேலை. சிரிக்காதீங்க! வருசத்தில் ஒரு நாள்தானே? போத்தல் கொண்டு வருகிறவருக்கு வேனில் இடம் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது, உடம்பு. நூரளை 1,868 மீற்றர் உயரம். பண்டாரவளையை விட 600 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கு. வெயில் அடித்தாலும் காற்று குளிரும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், தொப்பி வேண்டும். இழுப்பு இருப்பவர்கள், பிரசர், சீனி வியாதிக்காரர்கள் கிளினிக் மாத்திரையை மறக்கக் கூடாது. படகில் ஏறினால் மிதவை அங்கி போடாமல் உட்கார வேண்டாம். குளத்தில் இறங்கிக் குளிக்கவும் விடாதீங்க. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. குதிரைச் சவாரி, பலூன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். என்ன வாங்கித் தருவோம் என்பதை லயத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், அங்கே போய் அடித்து அழ வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பாட்டி இப்போது இல்லை. ஆனால் அவரைப் போல மூன்று பேர் இங்கே முன்பாயில் உட்கார்ந்திருக்கிறாங்க. பேர் எழுதும்போது அவர்கள் பேரைத்தான் முதலில் எழுதுவேன். வேன் முதலில் குளக்கரையை ஒட்டி நிற்கும், அவர்களைக் கைபிடித்து இறக்கி வாங்கில் உட்கார வைத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவது. தேத்தண்ணியும் அவர்கள் கைக்கே வரும். இது ஒன்று நடந்தால், மற்றதில் எது குறைந்தாலும் நம்ம பயணம் நல்ல பயணம்தான்.

அடுத்த சம்பளத்தன்று பின்னேரம் இங்கேயே கூடுவோம். முதல் 500 ரூபாயை என் குடும்பத்துக்காக நானே போடுகிறேன்.