ஆசிரியருக்கு ஆசிரியர் யார்? அரசா, சங்கமா?

('சங்கமே' என்ற அணியில் பேசியது)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற, இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தப்போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) நைனார்பாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் புள்ளிவிவரத்தோடு வந்தார்கள். ஆசிரியருக்கு இணையவழிப் பயிற்சி கொடுக்க அரசு இருக்கிறது. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று 'தீக்ஷா' தளம் வந்தது. 2019-இல் 'நிஷ்டா' பயிற்சி வந்தது. மறு ஆண்டு அதுவே 18 பாடத்தொகுப்புகளாக இணையத்தில் ஏறியது. 2023-இல் நம் மாநிலத்தின் 'மணற்கேணி' செயலியும் வந்துவிட்டது. இதற்கு மேல் சங்கம் எதற்கு என்று கேட்டார்கள்.

அம்மா, கேணி வெட்டியது உண்மை. யாராவது தண்ணீர் குடித்தார்களா என்பதுதான் என் கேள்வி! (கைதட்டல்)

நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டு வகைக்கு உவமை சொன்னார். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை. இணையவழிப் பயிற்சி வந்த பிறகு ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். காணொளியை ஓடவிட்டு, கைபேசியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறாரே, அந்த மாணாக்கர்! (பலத்த சிரிப்பு) சிரிக்காதீர்கள். அவர் சோம்பேறி அல்ல, நேரம் இல்லாதவர். பயிற்சி அவருக்காக வரவில்லை, கணக்குக்காக வந்தது என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரும் கணக்குக் காட்டிவிட்டார்.

இதோ இருக்கிற கல்வராயன் மலையில் பணி செய்த ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். "ஐயா, பாறை மேல ஏறினாத்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி உட்கார்ந்து பாடத்தை முடிச்சேன், சான்றிதழும் வாங்கிட்டேன். ஆனா எங்க மலையாளிப் பிள்ளைங்க வீட்டுல பேசுற தமிழுக்கும் புத்தகத்துத் தமிழுக்கும் நடுவுல எப்படிப் பாலம் போடுறதுன்னு அந்தப் பாடத்துல இல்லையே!" பிறகு யாரிடம்தான் கற்றுக்கொண்டீர்கள் அம்மா என்று கேட்டேன். "மலையிலேயே ரொம்ப வருஷம் வேலை பார்த்த இன்னொரு டீச்சர்கிட்ட. சங்கக் கூட்டத்துல பழக்கமானாங்க."

இந்த ஊர் விவசாயிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மக்காச்சோளத்தில் புழு விழுந்தால் வேளாண்மை அலுவலரையும் கேட்பார், பக்கத்துக் கொல்லைக்காரரையும் கேட்பார். முதலில் யாரைக் கேட்பார்? (பார்வையாளர்கள்: "கொல்லைக்காரரை!") தீர்ப்பு இங்கேயே வந்துவிட்டது ஐயா!

நடுவர் அவர்களே, சங்கம் என்றாலே கொடி, கோஷம், மறியல் என்கிறார்கள். நான் தமிழ் படித்தவன். எங்களுக்குச் சங்கம் என்றால் புலவர்கள் கூடி, ஒருவர் பாட்டை ஒருவர் ஆராய்ந்த இடம். திருவிளையாடற் கதையில் நக்கீரர் இறைவன் எழுதிய பாட்டிலேயே குற்றம் கண்டார். அப்படிச் சொல்ல முடிந்த இடத்துக்குப் பெயர்தான் சங்கம். இப்போது அதிகாரி நடத்தும் பயிற்சியில் ஓர் ஆசிரியர் எழுந்து, "ஐயா, இந்தப் பாடம் எனக்கே விளங்கவில்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். நெற்றிக்கண் திறக்காது, மெமோ வரும்! (கைதட்டல்) தெரியாது என்பதைப் பயமில்லாமல் சொல்லும் இடத்தில்தான் கல்வி தொடங்குகிறது. மேலதிகாரியிடம் சொல்ல முடியாததைத் தோழரிடம் சொல்லலாம்.

இது வெறும் வாதமல்ல, வயிற்றுப்பாடு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள், எப்போது பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐம்பது வயதில், மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில், 150 மதிப்பெண் தேர்வு! அந்த வீட்டில் அன்று இரவு அடுப்பு எரிந்திருக்குமா? சங்கங்கள் தீர்ப்பை எதிர்த்துக் குரல் கொடுத்தன, சரி. ஆனால் வழக்கு ஒரு கையில் இருந்தால், வகுப்பு மறு கையில் இருக்க வேண்டாமா? மாறுதல் கலந்தாய்வுச் செய்தி ஐந்து நிமிடத்தில் வந்து சேரும் அதே வாட்ஸ்அப் குழுவில், சனிக்கிழமை மாலை ஒரு கணக்குப் பாடம் வரக்கூடாதா? தேர்வு மையம் வைத்துப் பணம் பண்ணுகிறவரிடமா அந்த அம்மா தாலிச்செயினை அடகு வைத்துவிட்டுப் போக வேண்டும்?

முடியுமா என்று எதிரணி கேட்கும். முடிந்திருக்கிறது! 1916-இல் தோன்றிய அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு, 2012-இல் 'ஷேர் மை லெசன்' என்ற தளத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள் தயாரித்த பாடங்களை ஆசிரியர்களே இலவசமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ஆசிரியர் சங்கம் பயிற்சிக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறது.

உண்மையையும் மறைக்கமாட்டேன். அதே அமெரிக்கச் சங்கம் 2025 ஜூலையில், செயற்கை நுண்ணறிவு விற்கிற பெரிய நிறுவனங்களின் பணத்தோடு 2 கோடியே 30 லட்சம் டாலரில் ஒரு பயிற்சிக் கழகத்தை அறிவித்தது. விற்கிறவன் காசில் பாடம் படித்தால், வாங்காதே என்று பாடத்தில் வருமா? (கைதட்டல்) ஆகவே நம் சங்கங்கள் உறுப்பினர் சந்தாவில் சிறியதாகத் தொடங்கட்டும். பத்துக் கொடி இருக்கிறதே என்பார்கள்; இருக்கட்டும். பின்னக் கணக்குக்குக் கட்சி கிடையாது.

அரசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்திறன் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. சங்கத்தில் கற்ற நேரத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள், மலைக்குச் சிக்னல் கொடுங்கள். அது அரசின் வேலை. அரசு சாலை போடட்டும். வழித்துணை எங்கள் ஆளாக இருக்கட்டும்!

சம்பளத்துக்காகக் கூடிய சங்கம், ஒருநாள் பாடத்துக்காகவும் கூடினால், "ஸ்டிரைக் பண்ற வாத்தியார்" என்று பேசிய ஊர், "எங்க பிள்ளைக்காகப் படிக்கிற வாத்தியார்" என்று பேசும். அந்தப் பெயரை எந்தச் சான்றிதழும் வாங்கித் தராது. ஆகவே, ஆசிரியருக்கு ஆசிரியர் சங்கமே, சங்கமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் ஐயா என்று கேட்டு, விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)