தலைமுடிக்கு என்ன விலை?



எங்கள் ஊர் குடிபாலா பக்கம் வேண்டுதல் என்றால் பெரும்பாலும் திருமலைதான். பிள்ளைக்கு உடம்பு தேறினால், கடன் அடைந்தால், மகளுக்கு வரன் அமைந்தால் முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். பூமுடி மட்டும் கொடுத்துவிட்டு வரும் பெண்களும் உண்டு. ஆனால் முழு மொட்டை போடுகிற பெண்கள் குறைவில்லை. அங்கே முடி இறக்கும் இடமான கல்யாணகட்டாவில் தலையை நனைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால், சில நிமிடத்தில் இடுப்பு வரை வளர்ந்த கூந்தல் மடியில் கிடக்கும். கட்டணம் கிடையாது. சந்தனத்தைக் குழைத்துத் தலையில் பூசிக்கொண்டு தரிசனத்துக்குப் போய்விடலாம்.

நோயால் முடி கொட்டினால் முக்காடு போட்டு மறைக்கிற அதே பெண், மலைக்குப் போய்வந்த மொட்டையோடு மறுநாள் பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள். "மலைக்குப் போயிட்டு வந்தியாம்மா?" என்பதோடு சரி, வேறு பேச்சு இல்லை. அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒன்றை ஒரு பெண் தானாக இறக்கிவைக்க நம் ஊரில் மரியாதையான வழி இது ஒன்றுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இறக்கிய முடிக்கு அதன் பிறகுதான் விலை வருகிறது. தேவஸ்தானம் அதை நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இணையவழி ஏலம் விடுகிறது. ஆண்டு வருமானம் நூறு கோடி ரூபாயைத் தாண்டும். நீள முடிக்குத்தான் கூடுதல் விலை. நீள முடி பெண்களுடையது. வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் என்று ஒழுங்காகக் கிடைப்பதால் வெளிநாட்டு விக் வியாபாரிகளுக்கு அதன்மேல் ஒரு கண்.

வாங்குகிறவர்களும் பெண்கள்தான். அமெரிக்க நடிகர் கிறிஸ் ராக் 2009-ல் 'குட் ஹேர்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். சுருட்டை முடி நல்ல முடி இல்லை என்று கேட்டே வளர்ந்த கறுப்பினப் பெண்கள் ஒட்டுமுடிக்குக் கொட்டும் பணத்தைக் காட்டும் படம் அது. முடி எங்கிருந்து வருகிறது என்று தேடி இந்தியாவுக்கும் வருகிறது. அதற்கு முன்பே, 2004-ல் இன்னொரு கூத்து. கல்யாணமான யூதப் பெண்களில் ஆசாரமானவர்கள் சொந்த முடியை மறைக்க விக் வைப்பார்கள். கோயில் காணிக்கை முடியில் செய்த விக் கூடாது என்று அவர்களுடைய மதகுருக்கள் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைக் கொளுத்தினார்கள். நம் வீட்டுப் பெண் கும்பிட்டுக் கொடுத்த முடி, விலை போட்டு வாங்கப்பட்டு, அங்கே எரிந்திருக்கிறது!

கொடுத்தவளையும் சந்தை விட்டுவிடுவதில்லை. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார்; அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பைக் கொண்டுவந்தார். காலிப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் புதுசு இலவசம் என்றெல்லாம் கிராமம் கிராமமாக விற்றார்கள். கூலி வேலைக்குப் போகிறவளும் ஷாம்பு போடலாம் என்றானது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சீயக்காய் போட்டவள் தன் முடி வறண்டது, உயிரில்லாதது என்று கவலைப்பட்டதில்லை. அந்தக் கவலையை விளம்பரம் தந்தது. முடி உதிர்ந்தால் ஓர் எண்ணெய், நரைத்தால் ஒரு சாயம் என்று அதற்குப் பிறகு முடிவே இல்லை.

உதிர்ந்த முடிக்கும் வியாபாரம் உண்டு. சீப்பில் வரும் சிக்கு முடியைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் சேர்த்து வைப்போமே, அதுதான். வண்டியில் வருகிறவர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தைக் கொடுத்து வாங்கிப் போகிறார். கர்நாடகத்தில் கொப்பலை ஒட்டிய பாக்யநகர் போன்ற ஊர்களில் பெண்கள் நாளெல்லாம் உட்கார்ந்து அந்தச் சிக்கைப் பிரிக்கிறார்கள். பிறகு அது கப்பல் ஏறுகிறது. கைமாறும் இடத்திலெல்லாம் கிலோக்கணக்கில் எடை போடுகிறார்கள். நம் வாசலில் மட்டும் கண் அளவு, அதுவும் அவர் கண் அளவு.

அக்கா, தங்கைமார்களே, அடுத்த தடவை அவர் வரும்போது கிண்ணத்தைப் பார்க்காதீர்கள். "எத்தனை கிராம் இருக்கு, கிராம் என்ன விலை?" என்று கேளுங்கள். தராசு இல்லை என்றால், பக்கத்து மளிகைக் கடையில் இருக்கிறது.