காதல் கதையில் தடை எங்கிருந்து வரவேண்டும்?

காதல் நாவல் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் நாயகனும் நாயகியும் சந்திக்கும் இடத்தைப் பற்றித்தான் மிகவும் யோசிக்கிறார்கள். சந்திக்க வைப்பது எளிது. முந்நூறு பக்கம் அவர்களைச் சேரவிடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அங்கே கை கொடுக்கும் மலிவான உத்தி ஒன்று உண்டு. அவன் வேறொரு பெண்ணோடு சிரித்துப் பேசுவதை இவள் பார்த்துவிடுகிறாள். அவள் அவனுடைய தங்கை என்பது கடைசி அத்தியாயத்தில் தெரிகிறது. 'யார் அவள்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாவலே இல்லை. ஒரு கேள்வியில் கலைந்துவிடுவதைத் தடை என்று சொல்ல முடியாது. காதலர்களின் குணத்திலிருந்தே தடை முளைக்க வேண்டும்; அப்போதுதான் கதைக்கட்டு நிற்கும் என்பது என் கட்சி.

1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். அதிலும் தவறான புரிதல்தானே நடக்கிறது என்று கேட்கலாம். நடக்கிறது. நாயகன் டார்சியைப் பற்றி விக்கம் என்ற இளைஞன் சொல்லும் பொய்யை நாயகி எலிசபெத் நம்புகிறாள். ஆனால் ஏன் நம்புகிறாள்? ஒரு நடன விருந்தில் டார்சி அவளை அலட்சியமாகப் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவன் கெட்டவனாக இருந்தால் நல்லது என்று அவள் மனம் முன்பே தீர்மானித்துவிட்டது. டார்சியோ காதலைச் சொல்ல வந்த இடத்திலும் அவள் குடும்பத்தின் தாழ்வை எடுத்துச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். மொத்தம் 61 அத்தியாயங்கள். 34-ல் அவள் அவனை மறுக்கிறாள். அடுத்ததிலேயே அவன் கடிதம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. சாதாரண எழுத்தாளர் கடைசிவரை பொத்தி வைத்திருக்கக்கூடிய கடிதம் அது. ஆஸ்டின் அதைப் பாதியிலேயே கொடுத்துவிட்டு, இன்னும் இருபத்தைந்து அத்தியாயங்களுக்கு மேல் நம்மைப் பிடித்து வைக்கிறார். சேதி தெரிந்துவிட்டது, ஆனால் இருவரும் இன்னும் மாறியாகவில்லையே!

தற்செயலும் அதில் இருக்கிறது என்பது உண்மைதான். எலிசபெத் சுற்றிப் பார்க்க வந்திருக்கும் தன் பெம்பர்லி மாளிகைக்கு டார்சி ஒரு நாள் முன்னதாக வந்துவிடுவதால்தான் இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். தற்செயல் அவர்களை எதிரெதிரே நிறுத்துகிறது, அவ்வளவுதான். முடிச்சை அது அவிழ்ப்பதில்லை. முடிச்சு அவிழ்வது டார்சியுடைய தாயின் சகோதரி லேடி கேத்தரினால். டார்சியை மணக்க மாட்டேன் என்று வாக்குக் கொடு என மிரட்ட வந்த அந்த அம்மாளிடம் எலிசபெத் மறுத்துவிடுகிறாள். அந்த மறுப்பே டார்சியின் காதுக்குப் போய் அவனுக்கு நம்பிக்கை தருகிறது. கெடுக்க வந்தவளின் கையாலேயே கூட்டிவைத்த இந்தத் திருப்பம், ஆஸ்டினின் குறும்புக்கு நல்ல சாட்சி.

நம் ஊரில் சாதியும் பணமும் குடும்பமும்தானே குறுக்கே நிற்கின்றன, குணத்தைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வெளித்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் முன்னால் பாத்திரம் என்ன முடிவெடுக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. சாளுக்கிய மன்னன் புலிகேசியின் படையெடுப்பு, நடன மங்கை சிவகாமியை அவன் தலைநகரான வாதாபிக்குக் கொண்டுபோகிறது. அது வெளியிலிருந்து வந்த இடி. ஆனால் அவள் காதலனான பல்லவ இளவரசன் மாமல்லன் மாறுவேடத்தில் வந்து அழைக்கும்போது, வாதாபி எரிந்த பிறகுதான் வருவேன் என்று தான் செய்த சபதத்தைச் சொல்லி மறுப்பவள் அவளேதான். அந்த மறுப்புக்கு விலையாக ஆண்டுகள் கழிகின்றன, நகரம் எரிகிறது, மாமல்லன் பாண்டிய இளவரசியை மணந்துவிடுகிறான். படையெடுப்பால் மட்டும் பிரிந்திருந்தால் சிவகாமிக்காக இரக்கப்பட்டிருப்போம். தானே கேட்டு வாங்கிய பிரிவு என்பதால் அவளோடு வாதாடுகிறோம்.

முடிவு முன்பே தெரிந்த கதையில் ஆர்வம் ஏது என்பார்கள். சேரப்போகிறார்கள் என்று தெரிந்தால் என்ன? எதை விட்டுக்கொடுத்துச் சேர்வார்கள் என்பது தெரியாதே. எழுதிக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் காதலர்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கும் உண்மையைப் பாதிக் கதையிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு மேலும் அவர்களைப் பிரித்துவைக்க ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லையென்றால் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.