வழியில் விழுந்தவர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் என்றதும் மலையும் கடலும், கோயிலும் கோபுரமும், புதிய மனிதரும் புதிய உணவும் நம் நினைவுக்கு வரும். பயணம் போனவர் நடுவழியில் நோயில் விழுந்தார் என்பது அந்த நூல்களில் பெரும்பாலும் இரண்டு வரியோடு முடிந்துவிடும். "அங்கே எனக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு சுகமானேன்." அவ்வளவுதான். இன்று அந்த இரண்டு வரிகளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

வீட்டில் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை உண்டு. கொத்தமல்லி அவித்துத் தர ஒருவர் உண்டு. வேலிக்கு மேலால் எட்டி "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்க அயலவர் உண்டு. அந்நிய ஊரில் இவை ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய குறை மொழி இல்லாதது. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியாதவனுக்கு மருந்து பக்கத்தில் இருந்தும் தூரத்தில் இருப்பது போலத்தான்.

யப்பானின் பெருங்கவி பாஷோ நீண்ட நடைப்பயணங்கள் போனவர். 1694 இல் ஒசாக்கா நகரத்தில் அவர் நோயுற்றார். அன்றே அது வணிகர் நிறைந்த பெரிய நகரம். பூ வியாபாரி ஒருவரின் வீட்டில் எடுத்த அறையில், சீடர்கள் சுற்றியிருக்க, அவர் உயிர் பிரிந்தது. பயணத்தில் நோயுற்றதைப் பற்றியே படுக்கையில் ஒரு கவிதை சொல்லிப் போனார். சீடர்கள் அதை எழுதி வைத்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் யப்பானியப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். அவர் வீட்டில் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் தன் மொழிக்குள்ளே, தன் பெயர் தெரிந்தவர்கள் நடுவில் கண் மூடினார்.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நம் மன்னார் மக்கள் நன்கறிந்த ஒரு பெயரைச் சொல்கிறேன். புனித பிரான்சிஸ் சவேரியார். 1544 இல் மன்னாருக்கு ஒரு குருவை அனுப்பி வைத்தவர் அவர். அந்த ஆண்டில் இந்தத் தீவில் வேதம் ஏற்றவர்கள் கொல்லப்பட்ட வரலாறும் நீங்கள் அறிந்ததே. அந்தச் சவேரியார் 1549 இல் யப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். பிறகு சீனாவுக்குள் போக எண்ணி, 1552 இல் சீனக் கரையோரத்துச் சிறு தீவொன்றில் தோணிக்காகக் காத்திருந்தார். தோணி வரவில்லை. காய்ச்சல் வந்தது. ஒரு குடிசையில், டிசெம்பர் மாதத் தொடக்கத்தில், அவர் இறந்தார். பக்கத்தில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர் ஒருவரே. காய்ச்சலின் உச்சத்தில் சவேரியார் தமக்கு விளங்காத ஒரு மொழியில் பேசினார் என்று அந்தோனியோ பின்னர் சொன்னார். அது அவருடைய தாய்மொழியான பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்று சிலர் கருதுவர். எத்தனை தேசம் போனாலும், எத்தனை மொழி படித்தாலும், காய்ச்சல் ஏறும்போது நாவில் வருவது தாய்ப் பேச்சுத்தான் போலும். அதை விளங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.

இன்னொரு பயணி. 1344 இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டு நம் மேற்குக் கரையில் புத்தளம் பக்கம் வந்து இறங்கிய இபின் பதூதா. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவரிடம் முத்துக்கள் குவிந்திருந்ததையும், அவருக்குப் பாரசீக மொழி விளங்கியதையும் எழுதி வைத்திருக்கிறார். மொழி விளங்கிய இடத்தில் விருந்தாளியானார். பாவா ஆதம் மலைக்குப் போக வழித்துணையும் கிடைத்தது. பின் கடல் கடந்து மதுரைக்குப் போனார். அங்கே கொள்ளைநோய். அவருக்கும் உயிர் போகும் அளவுக்குக் காய்ச்சல். அந்த ஊரில் மலிந்து கிடந்த பழப்புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு போனது. சுகமானார். இதை வைத்தியக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கவனிப்பது வேறொன்றை. அந்தப் புளிக் கரைசல் இன்றுவரை நமக்குத் தெரிந்திருப்பது ஏன்? அவர் ஊர் திரும்பித் தம் பயணத்தைச் சொல்ல, ஒருவர் எழுதினார். அதே தெருவில், அதே காய்ச்சலில், திரும்பிப் போய்ச் சொல்ல முடியாமற் போனவர்கள் எத்தனை பேரோ!

இனி நம் கரைக்கு வருவோம்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்த வெறும் மணற்பரப்பில் சில வாரங்களுக்கு ஒரு பட்டணமே முளைக்கும். கீழக்கரை, தூத்துக்குடி, பாரசீகக் குடா என்று பல திசைகளிலிருந்தும் பல்லாயிரம் பேர் வந்து சேருவார்கள். குளிப்பவர், தோணிக்காரர், வியாபாரிகள், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டிகள். சிப்பியை வெயிலில் அழுகவிட்டே முத்தெடுப்பார்கள். நாற்றமும் ஈயும் சொல்லி முடியாது. நல்ல தண்ணீர் அருமை. வாந்திபேதி தலைகாட்டினால் குளிப்பையே நிறுத்திவிட்ட காலங்களும் உண்டு.

1906 இல் இந்த மரிச்சுக்கட்டிக்கு வேலைக்கு வந்தவர் லெனாட் வூல்ப். யாழ்ப்பாணக் கச்சேரியில் பணி புரிந்த இளம் ஆங்கில உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல் கண்டு படுத்து எழுந்தவர். ஊரை விட்டு வெகுதூரத்தில் நோயாளியாகக் கிடப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்துக்குளிப்பில் கண்டதை வைத்து அவர் எழுதிய சிறுகதை, முத்துக்களும் பன்றிகளும் என்ற பொருள்படும் தலைப்போடு 1921 இல் வெளிவந்த அவருடைய கதைத் தொகுதியில் இருக்கிறது. அவருடைய நாவலை அறிந்தவர்களில் பலர் இந்தக் கதையைத் தவறவிட்டிருப்பார்கள்.

கதையில் இரண்டு சாவுகள். இருவரும் அந்நியர். ஒருவன் வெள்ளைக்காரன். குடியால் சித்தம் கலங்கிக் கட்டிவைக்க வேண்டிய நிலைக்கு வந்தவன். தான் இந்த நாட்டு மக்களுக்குச் செய்த கொடுமைகளைத் தானே கூவிக் கூவி உயிரை விடுகிறான். மற்றவன் அரபு நாட்டிலிருந்து குளிக்க வந்த சுழியோடி. அவன் உடலைத் தோழர்கள் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். மணலில் கிடத்துகிறார்கள். ஒருவன் வாய்விட்டு அழுகிறான். மூத்தவர் ஒருவர் ஆறுதல் சொல்கிறார். முடிந்தது. ஆட்சி செய்ய வந்தவனுடைய சாவில் மானம் இல்லை. கூலிக்கு மூச்சடக்க வந்தவனுடைய சாவில் அது இருக்கிறது. வூல்ப் இதை உரத்துச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்.

அந்த அரபிக்கு இருந்தது என்ன? பணமில்லை, பதவியில்லை. ஆனால் அவன் மொழியில் அழ ஒருவன் இருந்தான். அந்நிய மண்ணில் விழுந்தவனுக்கு அதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

இனிச் சொல்லப் போவது அதுவும் கிடைக்காதவர்களின் கதை. இந்த உரையை எடுத்ததே அவர்களுக்காகத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இராமநாதபுரத்துக் கரையிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைவரை நடை. நூற்றைம்பது மைல் அளவு. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காடும் வறட்சியுமான வழி. குளம் இருந்தால் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் அது குடிக்கத் தகுந்ததாக இராது. மலைக்காய்ச்சல், வாந்திபேதி, வைசூரி. கங்காணியின் பின்னே கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். வழிச்செலவு ஒவ்வொருவர் கணக்கிலும் கடனாக ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் நிற்க முடியாது. நின்றால் எல்லோருக்கும் பட்டினி. நோய் தொற்றும் பயம் வேறு. ஆகவே நடக்க முடியாதவர் வழியோரத்தில் விடப்பட்டார்.

1841 முதல் 1848 வரையான காலத்தில் எழுபதினாயிரம் பேர் இறந்தனர் என்று 1849 இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை மதிப்பிட்டது. வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு. அது மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கல்ல. எண்ணுவதற்கு யாரும் அங்கே இருக்கவில்லை என்பதையே அந்தத் தொகை நமக்குச் சொல்கிறது. கோப்பிக் காலத் தொழிலாளரைப் பற்றி டொனவன் மோல்ட்ரிச் 1989 இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த வழிநடைச் சாவுகளை விரிவாகப் பேசுகிறது. படிக்கத் தொடங்கினால் இடையில் மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே நிற்கத் தோன்றும்.

வடபகுதியில் எதற்கெடுத்தாலும் 'கோதாரி' என்று திட்டுகிறோம். அது கொள்ளைநோயைக் குறித்த சொல் என்பதை நினைப்பதில்லை. சொல் மிஞ்சியிருக்கிறது. அதில் மாண்டவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது. தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. மண்டபத்தில் முகாம் அமைத்து, நோய் உண்டா என்று பார்த்து, சில நாள் தடுத்து வைத்து அனுப்பினார்கள். நடைக் காலம் முடிந்திருந்தது. பிற்காலத்தில் அதே கடலை மறுபக்கமாகக் கடக்கும் காலமும் வந்தது. 1983 க்குப் பிறகும் 1990 இலும் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் வள்ளம் ஏறிப் போன நம்மவர்களில் பலர் போய்த் தங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935 அளவிலேயே தோட்டத்துக்குப் போய் உடல் கெட்ட ஒரு பெண்ணை நம் முன் நிறுத்தியது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவையெல்லாம் நமக்குப் பெருஞ்செல்வம். ஆனால் இவற்றில் வருபவர்கள் எப்படியோ தோட்டம் போய்ச் சேர்ந்தவர்கள். வழியில் விழுந்தவனின் கதை எங்கே? விழுந்தவன் பேசவில்லை. அவனை விட்டு நடந்தவர்களும் பேசவில்லை. தம்பியையோ தகப்பனையோ ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு நடந்தவர், மலையில் போய்ப் பேரப்பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லியிருப்பார்? சொல்லாமல் விட்டதையும் ஒரு சான்றாகவே கொள்ள வேண்டும்.

2023 இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. யூலை 28 இல் புறப்பட்டு ஓகஸ்ற் 12 இல் சேர்ந்தார்கள். பதினாறு நாட்கள். இந்த முறை வழியில் தண்ணீர் கொடுக்கவும் படுக்க இடம் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பாதையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் வாழ்கிறார்கள்.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கும் மன்னாருக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. முப்பாட்டன் நடந்து போன பாதையில் திரும்பி வந்தவர்கள் அவர்கள். அந்த வீடுகளில் முதியவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு போய் உட்காரட்டும். "உங்கட ஆக்கள் எந்தக் கரையில இறங்கினவை? வழியில யாரையும் விட்டிட்டு வந்தவையா?" என்று கேட்கட்டும். பாதையோரக் கிராமங்களிலும் கேட்கட்டும். யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்திருப்பார். யாரோ ஒருவர் குழி வெட்டியிருப்பார். அதுவும் எங்காவது ஒரு வீட்டில் கதையாகக் கிடக்கலாம்.

பாஷோவுக்குச் சீடர்கள் இருந்தார்கள். சவேரியாருக்கு ஓர் அந்தோனியோ இருந்தார். மரிச்சுக்கட்டியில் இறந்த அரபிக்கு அழ ஒரு தோழனும், எழுத ஒரு வூல்பும் இருந்தார்கள். மன்னார் வீதியில் விழுந்தவருக்கு இதுவரை ஒருவரும் இல்லை. அவர் பேசிய மொழி நம்முடைய மொழி. காய்ச்சலில் அவர் கடைசியாகச் சொன்னது எதுவாயினும், அது நமக்கு விளங்கக்கூடிய தமிழ்தான்.