செஞ்சியின் இளம் வீரன்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றால் நன்றி கூறும் காலம். ஆலயம் கட்டியவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும், உபதேசியார்களையும் இம்மேடையில் பலர் நன்றியோடு நினைவு கூர்ந்தார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வேறு. போரில் உயிர் நீத்த இளம் வீரனை நாம் எப்படி நினைக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டார்கள். செஞ்சியில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ராஜகிரியின் நிழலில் வாழ்கிற நமக்குத் தேசிங்கு ராஜன் இருக்கிறான்.

இந்தக் கோட்டைக்கு ஆண்டவர்கள் எத்தனையோ பேர். நாயக்கர் காலத்தில், 1597இல், பிமென்டா என்ற சேசு சபைக் குரு இங்கே வந்து, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்று எழுதி வைத்தார். பிறகு பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர் என்று கைமாறிக்கொண்டே வந்தது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் செஞ்சி என்றதும் நம் கிராமத்து ஜனங்கள் வாயில் வரும் பெயர் நாயக்கருடையதும் அல்ல, மராட்டியருடையதும் அல்ல. ஓராண்டு கூட முழுமையாக ஆளாத ஒரு பிள்ளையின் பெயர்தான் வருகிறது. இது ஏன் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

தேசிங்கு என்று நாம் சொல்லும் தேஜ் சிங், வடக்கே பண்டேல்கண்டைச் சேர்ந்த ரஜபுத்திரன். அவன் தந்தை சொரூப் சிங், ஔரங்கசீப் சக்கரவர்த்தியிடம் செஞ்சிக் கோட்டையின் பொறுப்பைப் பெற்றவர். 1714இல் தந்தை காலமானதும் மகன் வந்து பொறுப்பேற்றான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான் என்பார்கள். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான், தந்தை வைத்துப்போன கப்பப் பாக்கியைக் கட்டு என்றார். பழைய சக்கரவர்த்தி தந்த சாசனம் உனக்குச் செல்லாது, புதிதாக உத்தரவு வாங்கி வா என்றார். மகன் மறுத்தான். சண்டை இதில்தான் மூண்டது. உள்ளதை உள்ளபடி சொன்னால், தகப்பன் வைத்த கடனுக்காக மகன் செத்த கதை இது. சமாதானமாய்ப் போகலாம் என்று சொல்ல ஆட்கள் இல்லாமல் இல்லை. அவன் கேட்கவில்லை. போருக்குமுன் அவன் வணங்கப் போனபோது சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இந்துச் சகோதரர்கள் சொல்கிறார்களே, அதில் கூட ‘போகாதே’ என்ற ஊராரின் ஆற்றாமைதானே கேட்கிறது?

1714 அக்டோபர் 3ஆம் நாள். மழைக்காலம். வராக நதியில் வெள்ளம். அதைக் கடந்து, சில நூறு குதிரைகளோடும் சில நூறு காலாட்களோடும், பல்லாயிரம் பேரைத் திரட்டி வந்த நவாபின் சேனை மீது பாய்ந்தான். கடலிக்கு அருகே நடந்த அந்தப் போரில் நவாபின் தளபதி தவுலத் கான் விழுந்தான். இறுதியில் தேசிங்கும் விழுந்தான். அன்றோடு கோட்டை நவாபுக்கு.

அவனோடு விழுந்த இன்னொருவனை நாம் தனியாகச் சொல்ல வேண்டும். மகபத் கான் என்னும் முஸ்லிம் இளைஞன், தேசிங்கின் உயிர்த் தோழன். கதைப்பாட்டில் மோவுத்துக்காரன் என்று வருகிறான். வழுதாவூரில் அவனுக்குக் கலியாண ஏற்பாடு. சேதி வந்ததும் மணக்கோலத்தை விட்டுக் குதிரை ஏறினான் என்று பாடுகிறார்கள். எதிரே நிற்கும் நவாப் அவன் மதத்தவர். அவன் நின்றதோ இந்து நண்பனின் பக்கம். இதற்கு யாரும் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். நீலாம்பூண்டிக்குப் போனால் அவன் சமாதி என்றும் குதிரையின் சமாதி என்றும் ஊரார் காட்டுவார்கள். யோனத்தானுக்காகத் தாவீது அரசர் அழுததை வேதாகமத்தில் வாசிக்கிற நமக்கு, இந்த நட்பைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

இப்போது வென்றவரைப் பாருங்கள். நவாப் அந்தப் பிள்ளையின் உடலைக் களத்தில் நாய் நரிக்கு விட்டுவிட்டுப் போகவில்லை. உரிய மரியாதையோடு, அவனுடைய மத முறைப்படியே தகனம் செய்வித்தார். செட்டிகுளத்துக் கரையில் அதற்கான மேடை இருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவனுடைய இளம் மனைவியும் அச்சிதையிலே ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றுக்கு வடகரையில் ராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தப் பெண்ணுக்காக நாம் அழலாம். ஆனால் அந்த வழக்கத்தைப் புகழ நம்மால் இயலாது. வீரன் விட்டுச் செல்லும் விதவை வாழ வேண்டியவள். வாழ வைப்பது ஊரின் கடமை.

எதிரி மரியாதை செய்வது பழங்கதையில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1971 டிசம்பர் 16ஆம் தேதி பசந்தர் போரில் இருபத்தொரு வயது லெப்டினென்ட் அருண் கேத்தர்பால் தன் டாங்கியிலேயே மடிந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2001இல், அவருடைய தந்தை தாம் பிறந்த சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் போனார். அங்கே அவரை வீட்டில் தங்க வைத்து உபசரித்த பாகிஸ்தான் பிரிகேடியரே, கடைசி இரவில், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தார், அவர் மாவீரர் என்று சொல்லி மரியாதை செய்தாராம். எண்பது வயது கடந்த அந்தத் தகப்பனார் அதைக் கேட்டு அமைதியாக இருந்தார். மகனை இழந்தவர் ஒருவர், அவனைக் கொன்ற பாரத்தை முப்பது வருஷம் சுமந்தவர் ஒருவர். இருவரில் யாருக்கு அந்த இரவு கடினமாய் இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, போர் சரியா தவறா என்று தீர்ப்பு எழுதி முடித்த பிறகுதான் வீரனுக்குக் கண்ணீர் விடுவோம் என்று இருந்துவிடக் கூடாது. மக்கபே ஆகமத்தில் என்ன காண்கிறோம்? களத்தில் மாண்ட வீரர்களின் அங்கிகளுக்குள்ளே விலக்கப்பட்ட தாயத்துகள் இருந்தன. குற்றம் கண்கூடாகத் தெரிந்தது. யூதா மக்கபே அவர்களைத் தூற்றவில்லை. மூடி மறைக்கவும் இல்லை. பணம் திரட்டி, அவர்களுடைய பாவத்திற்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி யெருசலேமுக்கு அனுப்பினான். மரித்தவர்களுக்காக நாம் செய்யும் மன்றாட்டுக்கு ஆதாரமாகக் காட்டுகிற பகுதி, போரில் செத்த சிப்பாய்களைப் பற்றியதுதான். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மறதிக்கு வேறொரு சாட்சியும் உண்டு. திருவண்ணாமலைக்கு அப்பால் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் இருக்கின்றன. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கூட, இன்னான், இன்ன சண்டையில் பட்டான் என்று பெயரோடு கல் நட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயரைப் படிக்க முடிகிறது. 1914–1919 மகாயுத்தத்திற்குப் பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் நம் நாட்டு ஊர்களில் பதித்த கற்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. தேசிங்கோடு வராக நதியைத் தாண்டிய காலாட்களுக்கும் இதே கதிதான். அவர்களுக்கு எண்ணிக்கை கூட இல்லை.

நம் பங்கில் என்ன செய்யலாம்? பங்குத்தந்தை அவர்களுக்கு எங்கள் தாழ்மையான வேண்டுகோள் இதுவே. பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். இப்பங்கிலிருந்தும் கிளைக் கிராமங்களிலிருந்தும் பட்டாளத்தில் சேர்ந்து திரும்பி வராதவர்கள் யாராவது இருந்தால், பாட்டன் காலத்தவராயினும் சரி, பெயர், தகப்பன் பெயர், இறந்த இடம், வருஷம் ஆகியவற்றை வீட்டார் வந்து எழுதிக்கொடுக்கட்டும். வேறு மதத்துக் குடும்பங்கள் விரும்பினால் அவர்கள் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக்கொள்வோம். மகபத் கான் மதம் பார்க்கவில்லையே. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசையில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். வருஷம் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது. அக்டோபர் மாத ஜெபமாலை முடிவதற்குள் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டால், திருநாளுக்கு முன் சுத்தமாகப் பிரதி எடுக்க அவகாசம் இருக்கும்.