மேடை இறங்கி வந்த இசை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையரங்கிலே பெயர் பெற்ற வித்துவான் திரைப்படத்திற்குப் போனால், கலையை விற்றுவிட்டார் என்று முகஞ்சுளிப்போர் உண்டு. மேனாட்டிலும் இவ்வழக்கு உள்ளதே. இத்தாலிய இசைநாடகத்தில் ஓங்கி நின்ற எட்ஸியோ பின்ஸா, 1949-ல் நியூயார்க்கிலே 'சவுத் பசிபிக்' என்னும் பொதுமக்கள் நாடகத்தில் பாட வந்தார். நம்மவரில் முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938-ல் துக்காராமாக நடித்தார். ஜி. என். பாலசுப்பிரமணியமும் எம். எஸ். சுப்புலட்சுமியும் 1940-ல் 'சகுந்தலை'யில் இணைந்தனர். 1941-ல் எம். எஸ். நாரதராக வேடமிட்டுப் பெற்ற ஊதியம் 'கல்கி' இதழுக்கு முதலாயிற்று. இவை நீங்கள் அறிந்தவையே. நாம் நின்று பேச விரும்புவது நந்தனாரைப் பற்றி.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் கதையில், கோயில் வாயிலுக்கு வெளியே நின்ற பண்ணையாளின் காலில் இறுதியில் வேதியரே விழுகிறார். 1935-ல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக நடித்தவரோ சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்! 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் தேவார மரபில் வந்த தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். அவர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் விளங்கினார். திரையில் தோன்றியதால் அவர் புலமை குறைந்துவிட்டதா?

எம் பாட்டனார் வடஆர்க்காட்டிலிருந்து இத்தங்கவயலுக்கு வந்து சுரங்கத்தில் இறங்கியவர். உறவினர் திருமணத்திற்காக வேறோர் ஊர் சென்றிருந்தபோது கச்சேரி கேட்க ஆசைப்பட்டுச் சபை வாயிலில் நின்றாராம். காவலர் முதலில் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். பாட்டனார் விடை சொல்லாமல் திரும்பிவிட்டார். அவரே பிற்பாடு கொட்டகையில் தரைச்சீட்டு வாங்கித் தேசிகரின் குரலை ஐந்து முறை கேட்டார். அங்கே எவரும் தெருவைக் கேட்கவில்லை.

இழப்பே இல்லை என்று நாம் வாதாட மாட்டோம். அரைமணி நேரம் விரிய வேண்டிய ஆலாபனை, மூன்று நிமிட இசைத்தட்டில் ஒடுங்கத்தான் செய்தது. சபையில் இடம் கிடைத்தவருக்கு அது குறையே. இடமே கிடைக்காதவருக்கோ அம்மூன்று நிமிடமே கச்சேரி.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு 'மின்னலே' படத்தில் பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய பாட்டு நம் வரிசைவீடுகளில் எல்லாம் ஒலித்தது. அவர் தரம் இறங்கிவிட்டார் என்று இங்கு யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பாறை துளைக்கும் பொறியின் இரைச்சலால் பாட்டனாருக்குச் செவி மங்கிவிட்டது. ஆயினும் மாலையில் திண்ணையில் அமர்ந்து நந்தனாரைப் பாடுவார். சுருதி சேராது. பாட்டியார் உள்ளிருந்து சரியான அடியை எடுத்துக் கொடுப்பார். அதுவும் அவருக்குக் கேளாது. விடாமல் பாடி முடித்த பின்னரே கைகழுவிச் சோற்றுக்கு அமர்வார்.